55 வினாடி தாமதமாக வந்த புலி

1964 கோடையில் ஒரு பிற்பகல். மொனாக்கோவில் ஒரு விளையாட்டரங்கம். ஆல்ப்ஸ் மலையை ஏறி இறங்கிக் களைத்த சைக்கிள்காரர்கள் சிலர் திபுதிபுவென்று உள்ளே நுழைகிறார்கள். அவர்களிலிருந்து ஒருவர் பிய்த்துக்கொண்டு முன்னால் வருகிறார். கருகருவென்ற முடி, வெயிலில் காய்ந்த விவசாயி முகம், கத்தரிப்பூ நிறச் சட்டை. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்து, எல்லோருக்கும் முன்னால் கோட்டைத் தாண்டுகிறார். அப்பாடா என்று கால்களுக்கு ஓய்வு கொடுக்கிறார்.

ஒரே ஒரு சிக்கல். இன்னும் ஒரு சுற்று பாக்கி இருந்தது.

மற்றவர்கள் அவரைக் கடந்து போய் அந்த ஒரு சுற்றையும் சுற்றினார்கள். ஜாக் ஆங்க்தீல் என்பவர் ஜெயித்தார். அன்றைய வெற்றிக்கு வெகுமதியாக அவருடைய மொத்த நேரத்தில் ஒரு நிமிடம் கழித்துக்கொள்ளப்பட்டது. இரண்டு வாரம் கழித்துப் பாரிஸில் கணக்கு முடித்தபோது ஆங்க்தீல் முதலிடம். சுற்றை எண்ணாமல் விட்டவர் இரண்டாமிடம். நடுவில் இருந்த தூரம் 55 வினாடி.

அறுபதில் ஐம்பத்தைந்து போனால் ஐந்து. அந்த ஐந்து வினாடியைப் பிரான்ஸ் தேசமே பல வருடம் விரல்விட்டு எண்ணிப் பெருமூச்சு விட்டது. சம்பந்தப்பட்டவர் மட்டும் அவ்வளவாக எண்ணவில்லை. எண்ணுவது அவருடைய பலம் அல்ல என்பதைத்தான் மொனாக்கோவிலேயே பார்த்தோமே.

அவர் பெயர் ரேமோன் புலிடோர். பெயரிலேயே புலி உண்டு. ஆனால் ஊர் அவரைக் கொஞ்சலாக ‘பூப்பூ’ என்றுதான் கூப்பிட்டது. உலகத்தில் எந்த வீரனையாவது எதிராளி பயப்படாத பெயரால் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றால் அது இவரைத்தான்.

*

டூர் டி பிரான்ஸ் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. மூன்று வாரம் தினமும் சைக்கிள் மிதிக்க வேண்டும். ஒவ்வொரு நாள் எடுத்துக்கொண்ட நேரத்தையும் கூட்டி, யாருக்குக் குறைவோ அவர் தலைவர். அவருக்கு மஞ்சள் சட்டை. 1919இல் வந்த வழக்கம். பந்தயத்தை நடத்திய பத்திரிகை மஞ்சள் தாளில் அச்சானதால் சட்டையும் மஞ்சள். இன்றைக்கு நீங்கள், நாளைக்கு நான் என்று அது உடம்பு மாறிக்கொண்டே இருக்கும். ஊர் பேர் தெரியாதவர்கள்கூட ஏதோ ஒரு தட்டையான பாதையில், தலைவர்கள் அசந்த நேரத்தில், ஒரு நாள் கூத்துக்கு அதைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

புலிடோர் இந்தப் பந்தயத்தில் 14 முறை கலந்துகொண்டார். ஏழு தனி நாள்களில் முதலாவதாக வந்து ஜெயித்தார். 8 முறை முதல் மூவரில் ஒருவராக முடித்தார். மஞ்சள் சட்டையை ஒரு நாள் போட்டதில்லை. அரை நாள் போட்டதில்லை. சும்மா அளவு பார்க்கக்கூடப் போட்டதில்லை.

ஏழரைச் சனி என்றால் பெயருக்கேற்ப ஏழரை வருடத்தில் இடத்தைக் காலி செய்ய வேண்டும். இவருடைய முதல் டூர் 1962, கடைசி 1976. எண்ணிப் பார்த்தால் பதினைந்து வருடம். இரண்டு ஏழரை, நடுவில் ஒரே ஒரு வருட இடைவேளையோடு.

*

1936 ஏப்ரல் 15இல் கிரூஸ் என்ற மாவட்டத்தில் மஸ்பரோ-மெரிஞ்ஞா என்ற சிற்றூரில் பிறந்தார். பிரான்ஸின் நட்டநடுவில் இருக்கும் லிமூசான் பகுதி அது. மாடும் மேடும் பள்ளமும்தான் அங்கே விசேஷம். அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் நிலத்தில் உழைத்தவர்கள். பையன் பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு வயலில் இறங்கினார். அந்த மேட்டுப் பாதைகளில் சைக்கிள் மிதிப்பது அவருக்கு விளையாட்டு அல்ல, போக்குவரத்து.

பட்டாளத்தில் சேரக் கூப்பிட்டபோதுதான் வாழ்க்கையிலேயே முதன்முறையாக ரயில் ஏறினார். அல்ஜீரியாவுக்கு அனுப்பி, வண்டி ஓட்டச் சொன்னார்கள். உட்கார்ந்து ஓட்டிய ஓட்டத்தில் 12 கிலோ கூடியது. திரும்பி வந்து ஒரே மாதத்தில் மிதித்துக் கரைத்தார். பிறகு ஓர் உள்ளூர்ப் பந்தயத்தில் கலந்துகொண்டு கையில் வாங்கிய பணத்தை எண்ணிப் பார்த்தார். பண்ணையில் ஆறு வருடம் உழைத்தாலும் வராத தொகை. கவனியுங்கள்: அந்தப் பந்தயத்தில் அவர் வந்தது இரண்டாவதாக.

இளமையில் கல் என்பார்கள். இரண்டாவது வந்தாலும் காசு வரும் என்ற பாடத்தை அவர் இளமையிலேயே கற்றுவிட்டார். முதலாவது வந்தால் என்ன ஆகும் என்று ஆராயும் ஆர்வம் அதற்குப் பிறகு கொஞ்சம் குறைந்திருக்கலாம்.

1960இல் மெர்சியே என்ற சைக்கிள் கம்பெனியின் அணியில் சேர்ந்தார். 1977இல் ஓய்வு பெறும்வரை வேறு அணிக்கே போகவில்லை. அணியின் சட்டைதான் அந்தக் கத்தரிப்பூ நிறம். அதில் கொஞ்சம் மஞ்சளும் கலந்திருக்கும். பந்தயத்தில் அவர் உடம்பில் பட்ட மஞ்சள் அவ்வளவுதான்.

*

தோற்கப் பிறந்தவர் என்று அவசரப்பட்டு முத்திரை குத்திவிடக் கூடாது. அடுத்த வருடமே, 1961இல், மிலான்-சான் ரேமோ என்ற பெரிய பந்தயத்தை ஜெயித்தார். ஜெயித்த விதம்தான் அவருக்கே உரியது.

வழியில் பஞ்சர். சக்கரம் மாற்றுவதற்குள் கூட்டம் எங்கேயோ போய்விட்டது. புலிடோர் வெகு நியாயமாக, “போதும், வீட்டுக்குப் போகலாம்” என்ற முடிவுக்கு வந்தார். அணியின் மேலாளர் அந்தோனன் மாஞ் தானே இரண்டு முறை டூர் ஜெயித்தவர். தலையில் வட்டத் தொப்பி, மேலே வெள்ளை அங்கி, வாயில் மரியாதை; சிஷ்யப் பிள்ளைகளைக்கூட “வாங்க, போங்க” என்றே அழைக்கும் பழைய காலத்து வாத்தியார். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. திட்டியும் தட்டியும் ஏற்றி அனுப்பினார். புலிடோர் கூட்டத்தைப் பிடித்து, கடைசி மேட்டில் எல்லோரையும் உதறிவிட்டுத் தனியாகப் பறந்தார்.

கோடு கண்ணுக்கெட்டும் நேரம். பாதையோரம் நின்ற போலீஸ்காரர் ஒருவர் தப்பான பக்கம் கையைக் காட்டினார். புலிடோர் அந்தப் பக்கமே போனார். போலீஸ்காரர் சொன்னால் கேட்க வேண்டும் என்று வளர்க்கப்பட்ட பிள்ளை. பிறகு சுதாரித்துத் திரும்பி வந்து, வெறும் மூன்று வினாடி வித்தியாசத்தில் ஜெயித்தார். பாதியில் விலக நினைத்து, வழி தவறி, அப்படியும் முதலாவது வந்திருக்கிறார் என்றால் கால்களில் எவ்வளவு பலம் இருந்திருக்க வேண்டும்! பலம் கால்களில் இருந்தது. கவனம்தான் வேறு எங்கேயோ இருந்தது. “ரேமோன், நீங்கள் நிலாவில் இருக்கிறீர்கள்” என்பது போல மாஞ் வருடக்கணக்கில் புலம்பியதாகச் சொல்வார்கள். அந்தக் காலத்தில் நிலாவுக்குப் போன முதல் மனிதர் புலிடோராக இருக்கலாம். ஆனால் அதையும் யாரும் அவர் கணக்கில் எழுதவில்லை.

*

இப்போது வில்லன் வர வேண்டும். வில்லன் என்றால் பாவம், அப்படி ஒன்றும் கெட்டவர் இல்லை. அடிக்கடி ஜெயித்தார், அவ்வளவுதான்.

ஜாக் ஆங்க்தீல் நார்மண்டிக்காரர். வெளுத்த முடியைப் படிய வாரி, சீப்பைச் சட்டைப் பையில் வைத்திருக்கிற ரகம். சைக்கிளில் அவர் குனிந்தால் முதுகில் ஒரு கோப்பைத் தண்ணீரை வைத்தாலும் சிந்தாது போலத் தெரியும். 1957இல் ஒரு முறை, பிறகு 1961 முதல் 1964 வரை வரிசையாக நான்கு முறை, ஆக ஐந்து முறை டூர் ஜெயித்தார். அந்த எண்ணிக்கையை எட்டிய முதல் ஆள். தனியாக நேரம் பார்த்து ஓட்டும் பந்தயத்தில் நிமிடங்களைச் சம்பாதிப்பது, மலையில் அதைச் சிக்கனமாகச் செலவழிப்பது, கடைசியில் கொஞ்சம் மிச்சம் வைத்து முடிப்பது. சைக்கிளில் ஏறிய ஆடிட்டர்.

ஜனங்கள் ஆடிட்டரை மதிப்பார்கள். மாலை போட மாட்டார்கள். ஜெயித்த ஆங்க்தீலுக்குப் பாதையோரத்தில் சீட்டி அடித்து ஊளையிட்டார்கள். அவருக்குப் பின்னால் வியர்த்து விறுவிறுத்து வந்த புலிடோருக்குத் தொண்டை கிழியக் கூப்பாடு. ஆங்க்தீலுக்கு இது கடைசிவரை புரியவில்லை. அவர் அப்பாவும் ஸ்ட்ராபெர்ரி பயிரிட்ட விவசாயிதான். ஆனால் மகன் ஷாம்பெயின் குடித்தான், வேகமாகக் கார் ஓட்டினான், பார்க்கப் பட்டணத்துக்காரனாக இருந்தான். புலிடோரோ நேற்று மாலை மாட்டைக் கட்டிவிட்டு வந்தவர் போல இருந்தார்.

பிரான்ஸ் அப்போது கிராமத்தைக் காலி செய்து பட்டணத்துக்குக் குடிபோய்க்கொண்டிருந்தது. அடுக்குமாடியில் குளிர்சாதனப் பெட்டியும் டிவியும் வாங்கி வைத்துக்கொண்டு, விட்டுவந்த மாட்டுத் தொழுவத்தை நினைத்துக் கண் கலங்கியது. அந்தக் கலங்கலுக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. முகம் தயாராக இருந்தது, கருகருவென்ற முடியோடு. குடும்பத்துக்குள் ஆங்க்தீல் கட்சி, புலிடோர் கட்சி என்று பிரிந்து சாப்பாட்டு மேஜையில் சண்டை நடந்தது. கட்சி மாறுகிறவர்கள் குறைவு.

*

1964க்குத் திரும்புவோம். மொனாக்கோவோடு கதை முடிந்திருந்தால் அது மறதி. அதற்குப் பிறகு நடந்ததுதான் காவியம்.

அண்டோராவில் ஓய்வு நாள். ஒரு பத்திரிகையில் பெலின் என்ற ஜோதிடர், பதினான்காம் கட்டத்தில் ஆங்க்தீல் உயிருக்கே கண்டம் என்று எழுதிவைத்துவிட்டார். ஆடிட்டர் என்று சொன்னேன் அல்லவா, ஆடிட்டர்களுக்கு ஜோதிட நம்பிக்கை கொஞ்சம் அதிகம். ஓய்வு நாளில் எல்லோரும் காலை உதறிக்கொள்ளச் சிறிது தூரம் சைக்கிள் மிதிக்கப் போனார்கள். ஆங்க்தீல் போகவில்லை. எப்படியும் நாளைக்குப் போகப்போகிற உயிர்தானே என்பது போல ஒரு விருந்தில் உட்கார்ந்து, முழு ஆட்டை நெருப்பில் வாட்டிய கறியையும் பழமிட்ட மதுவையும் ஒரு பிடி பிடித்தார்.

மறுநாள் காலை பந்தயம் கிளம்பியதும் நேரே மலை. ஆட்டுக்கறி உள்ளே அசைய மறுத்தது; ஆங்க்தீலும் அசைய மறுத்தார். உச்சிக்குப் போவதற்குள் புலிடோர் இருந்த கூட்டத்தைவிடச் சுமார் நான்கு நிமிடம் பின்தங்கிவிட்டார். பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டது. ஆங்க்தீல் அணியின் மேலாளர் ஜெமினியானி ஒரு புட்டி ஷாம்பெயினைக் கொடுத்து ஆளை உசுப்பினார் என்று ஒரு புராணம் உண்டு. கதையோ நிஜமோ, மலையிறக்கத்தில் அடர்ந்த மூடுபனிக்குள் ஆங்க்தீல் உயிரைத் துச்சமாக மதித்துப் பாய்ந்தார். ஜோதிடர் சொன்னபடி சாவதானால் வேகமாகச் சாகலாம் என்று முடிவு கட்டியிருப்பார் போல. சாகவில்லை. முன்னால் போன கூட்டத்தை எட்டிப் பிடித்தார்.

சரி, பழம் பாலிலிருந்து எழுந்து போய்விட்டது, பாலாவது மிஞ்சியதா? துலூஸ் நகரம் நெருங்குகையில் புலிடோர் சக்கரத்தில் ஸ்போக்ஸ் கம்பி முறிந்தது. வேறு சைக்கிள் கொடுத்தார்கள். ஏறி உட்கார்ந்தார். சீக்கிரம் போகட்டும் என்ற நல்லெண்ணத்தில் மெக்கானிக் பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளினார். நல்லெண்ணம் கொஞ்சம் அதிகமாகிப் புலிடோர் தரையில் விழுந்தார். எழுந்து தூசி தட்டி மிதிப்பதற்குள் கூட்டம் போய்விட்டது. காலையில் நான்கு நிமிடம் முன்னால் இருந்தவர், மாலையில் இரண்டு நிமிடத்துக்கு மேல் பின்னால். கண்டம் ஆங்க்தீலுக்கு என்று ஜோதிடர் சொன்னது விலாசம் மாறிப் போய்ச் சேர்ந்தது.

மனிதர் அழுது புலம்பினாரா? மறுநாள் பிரனீஸ் மலையில் எல்லோரையும் உதறிவிட்டு லூஷோன் நகரில் தனியாக ஜெயித்து, இழந்ததில் பெரும்பகுதியை மீட்டார். அதற்கடுத்து பயோன் நகரில் தனித்தனியாக நேரம் பார்க்கும் பந்தயம். அதிலே பஞ்சர். சாண் ஏறினால் முழம் சறுக்குகிற வழுக்குமரத்தில் புலிடோருக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக எண்ணெய் தடவியிருந்தார்கள்.

ஜூலை 12, ஞாயிற்றுக்கிழமை. பூய் த டோம் என்ற செத்துப்போன எரிமலை. உச்சிவரை பாம்புபோலச் சுற்றி ஏறும் பாதை. அதன் ஓரத்தில் ஐந்து லட்சம் பேர் இருந்ததாக மதிப்பிட்டார்கள். மீதிப் பிரான்ஸ் டிவி முன்னால். ஆங்க்தீலுக்கும் புலிடோருக்கும் இடையே அப்போது 56 வினாடி. இந்த மலையில் ஆங்க்தீலை உதறினால் சட்டை புலிடோருக்கு.

இருவரும் அருகருகே ஏறினார்கள். பின்னால் ஒருவர், முன்னால் ஒருவர் அல்ல. பக்கம் பக்கமாக, தோளோடு தோள், முழங்கை முழங்கையை இடிக்க. அந்தப் புகைப்படம் பிரான்ஸில் சாமிப்படத்துக்கு அடுத்த நிலையில் இருக்கிறது. ஆங்க்தீலுக்கு அப்போது மூச்சே இல்லை. பின்னால் ஒட்டிக்கொண்டால் காற்றாவது மறையும். ஆனால் பின்னால் போனால் ‘இவன் செத்தான்’ என்று எதிராளிக்குத் தெரிந்துவிடும். அதனால் பக்கத்திலேயே வந்து, முகத்தில் ஒன்றும் காட்டாமல், சீட்டாட்டக்காரனைப் போல வெறுங்கையை வைத்துக்கொண்டு ஆட்டம் காட்டினார். புலிடோர் நம்பினார். போலீஸ்காரர் கையை நம்பியவர், ஆங்க்தீல் முகத்தை நம்ப மாட்டாரா?

கடைசிக் கிலோமீட்டரில்தான் விஷயம் புரிந்து புலிடோர் பாய்ந்தார். ஆங்க்தீல் கந்தலாகிப் போனார். உச்சியில் 42 வினாடி வித்தியாசம். 56இல் 42 போனால் 14. மஞ்சள் சட்டை ஆங்க்தீலிடமே இருந்தது, 14 வினாடி உபயத்தில். எவ்வளவு மிச்சம் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட ஆங்க்தீல், தேவைக்கு மேல் பதின்மூன்று இருக்கிறதே என்றாராம். ஆடிட்டர்!

இரண்டு நாள் கழித்துப் பாரிஸில் கடைசிப் பந்தயமும் நேரம் பார்ப்பதுதான். ஆங்க்தீல் ஜெயித்தார். வெகுமதி வினாடிகளையும் சேர்த்து, கணக்கு 55இல் முடிந்தது. வெண்ணெய் திரண்டு வந்தது, தாழியும் உடைந்தது. ஆனால் தாழியை உடைத்தவருக்குத்தான் அதிகக் கைதட்டல்.

*

அடுத்து வந்த வருடங்களை வேகமாகப் பார்த்துவிடலாம். புலிடோரால் முடியாததை நாமாவது செய்வோம்.

1965. ஆங்க்தீல் வரவே இல்லை. களம் காலி. இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு ஜெயிக்கலாம் என்று ஊரே சொன்னது. இத்தாலிய அணியில் யாரோ வர முடியாமல் போக, கடைசி நேரத்தில் ஃபெலிச்சே ஜிமோண்டி என்ற 22 வயதுப் பையனைச் சேர்த்துக்கொண்டார்கள். தொழில்முறைக்கு வந்து முதல் வருடம். பையன் டூரை ஜெயித்துவிட்டான். புலிடோர் இரண்டாவது.

1966. ஆங்க்தீல் திரும்பி வந்தார். தன்னால் ஜெயிக்க முடியாது என்று தெரிந்ததும் ஒரு நல்ல காரியம் செய்தார்: தன் அணியின் லூசியன் ஐமாருக்குத் தோள் கொடுத்து ஜெயிக்கவைத்தார். புலிடோர் மூன்றாவது. எனக்கு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கிடைக்கக் கூடாது என்கிற உயர்ந்த தத்துவம்.

ஆனால் அதே 1966இல் புலிடோர் ஒரு விஷயத்தில் முதலிடம் பெற்றார். டூர் வரலாற்றிலேயே முதல் ஆள். போர்டோ நகர விடுதியில் தாழ்வாரத்தில் அவர் பாட்டுக்கு நடந்து கொண்டிருந்தபோது சில டாக்டர்கள் வந்து, “நீங்கள் புலிடோரா?” என்று கேட்டு, ஒரு புட்டியை நீட்டினார்கள். டூர் டி பிரான்ஸில் ஊக்கமருந்துச் சோதனைக்குச் சிறுநீர் கொடுத்த முதல் வீரர் ரேமோன் புலிடோர். மறுநாள் வீரர்கள் எல்லோரும் சைக்கிளை விட்டு இறங்கிக் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே நடந்து ஆர்ப்பாட்டம் செய்தார்கள். இதற்கெல்லாம் மஞ்சள் சட்டை தருவதில்லை என்பது விதிகளின் குறை.

1968. இந்த வருடம் உறுதி என்றார்கள். பந்தயத்தோடு கூட வந்த மோட்டார் சைக்கிள் ஒன்று அவர்மேல் மோதியது. மூக்கு உடைந்தது. ரத்தம் வழிய மிதித்துப் பார்த்துவிட்டு விலகினார்.

1969இலிருந்து எடி மெர்க்ஸ் வந்துவிட்டார். பெல்ஜியத்துக்காரர். எதையும் யாருக்கும் மிச்சம் வைக்காத பசி. ஆங்க்தீல் என்ற மழைக்கு ஒதுங்கிய புலிடோர், மெர்க்ஸ் என்ற புயலில் மாட்டினார். வேறு யாராவது என்றால் கடையைக் கட்டியிருப்பார்கள். இவர் முப்பத்தைந்து வயதில், 1972இல், பாரிஸ்-நீஸ் பந்தயத்தின் கடைசி நாளில் மெர்க்ஸை மலையில் வைத்து 6 வினாடியில் கவிழ்த்தார். அதை மறுவருடமும் ஜெயித்தார். வினாடிக் கணக்கு எப்போதாவது அவர் பக்கமும் சாய்ந்ததற்கு இது சாட்சி.

1973 டூர், நெதர்லாந்தில் தொடக்கம். முதல் நாள் குறும்பந்தயம். அன்று ஜெயித்தால் மஞ்சள் சட்டை உடனே உண்டு. பதினோரு வருடக் காத்திருப்பு. யோப் சூட்டமெல்க் என்பவர் ஜெயித்தார். புலிடோர் இரண்டாவது. வித்தியாசம் ஒரு வினாடிகூட இல்லை. அவர் வாழ்க்கையில் மஞ்சள் சட்டைக்கு மிக அருகில் போனது அன்றைக்குத்தான். அதே டூரில் மலையிறக்கத்தில் பள்ளத்தில் உருண்டு விழுந்து, தலையில் அடிபட்டு, பந்தய இயக்குநரே கைகொடுத்து மேலே ஏற்ற வேண்டியதாயிற்று.

1974இல் முப்பத்தெட்டு வயதில் பிரனீஸ் மலையில் மெர்க்ஸை உதறி ஒரு நாள் ஜெயித்தார், மொத்தத்தில் இரண்டாவது. அதே வருட உலகப் போட்டியிலும் மெர்க்ஸுக்கு அடுத்து இரண்டாவது. 1976இல் நாற்பது வயதில், பேரன் எடுக்கிற பருவத்தில், மூன்றாவது. மறுவருடம் ஓய்வு.

*

இப்போது ஒரு முக்கியமான கணக்கு. ‘நிரந்தர இரண்டாமவர்’ என்பது பிரெஞ்சு மொழி அவருக்குக் கொடுத்த பட்டம். அரசியலில், தொழிலில், யார் அடிக்கடி இரண்டாவதாக வந்தாலும் அவரைப் ‘புலிடோர்’ என்று சொல்வது அங்கே பழகிப்போன வழக்கு. சரி, டூரில் அவர் எத்தனை முறை இரண்டாவதாக வந்தார்? 1964, 1965, 1974. மூன்றே முறை. மூன்றாவதாக வந்தது ஐந்து முறை. அதாவது இரண்டாவது வருவதிலும் அவர் முதலிடம் பெறவில்லை. சூட்டமெல்க் ஆறு முறை இரண்டாவதாக வந்தவர். ஆனாலும் அந்தப் பட்டம் அவரிடம் நிலைக்கவில்லை. நடுவில் 1980இல் டூரை ஜெயித்துக் காரியத்தைக் கெடுத்துக்கொண்டார்.

இன்னொன்று. ஸ்பெயின் நாட்டின் மூன்று வாரப் பந்தயத்தை 1964இல் புலிடோர் ஜெயித்திருக்கிறார். ஒரு முறை தேசிய சாம்பியன். வாழ்நாள் வெற்றிகள் 180க்கு மேல். இத்தனை ஜெயித்த ஒருவர் தோல்விக்கு அடையாளமாக ஆனது சும்மா நடக்கவில்லை. அதற்கு ஜனங்கள் ஒத்துழைக்க வேண்டும். சம்பந்தப்பட்டவரும் கொஞ்சம் ஒத்துழைக்க வேண்டும்.

அவர் ஒத்துழைத்தார். எனக்கு எவ்வளவு துரதிர்ஷ்டம் நேர்ந்ததோ அவ்வளவு ஜனங்களுக்கு என்னைப் பிடித்தது, அவ்வளவு பணமும் வந்தது என்று பிற்காலத்தில் அவரே ஒளிக்காமல் சொன்னார். டூர் முடிந்ததும் ஊர் ஊராகக் காட்சிப் பந்தயங்கள் நடக்கும். வந்து முகம் காட்டினால் பணம். அங்கே ஆங்க்தீலுக்குக் குறையாத தொகை புலிடோருக்கும் கிடைத்தது. கூட்டம் யாரைப் பார்க்க வருகிறது என்று நடத்துகிறவர்களுக்குத் தெரியாதா? 1968இல் சுயசரிதை எழுதினார். தலைப்பு ‘மஞ்சள் சட்டை இல்லாத புகழ்’. தன் சரக்கு எது என்று தெரிந்த வியாபாரி.

ஆங்க்தீலின் தோல்விகளை யாரும் தங்களுடையதாக நினைக்க முடியாது. ஷாம்பெயின் குடித்து ஜோதிடத்துக்கு பயப்படுகிற வசதி எல்லோருக்கும் இல்லை. புலிடோரின் தோல்விகள் நம் வீட்டுத் தோல்விகள். ஒரு சுற்றை எண்ணாமல் விட்டது. உதவி செய்ய வந்தவன் தள்ளிவிட்டது. வழி கேட்டால் தப்பாகக் காட்டியது. வாழ்க்கையில் கோப்பையை நழுவவிட்ட யாருக்கும் மாபெரும் எதிரி இருந்ததில்லை. ஸ்போக்ஸ் கம்பிதான் இருந்தது.

*

ஓய்வுக்குப் பிறகும் அவர் டூரை விடவில்லை. மஞ்சள் சட்டைக்கு விளம்பரதாரராக இருந்த வங்கி அவரைத் தன் முகமாக அமர்த்திக்கொண்டது. விளைவு: ஒவ்வொரு ஜூலையிலும், எழுபது வயதில், எண்பது வயதில், புலிடோர் பளிச்சென்ற மஞ்சள் நிறப் பனியன் போட்டுக்கொண்டு பந்தயக் கிராமத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் அவர் சைக்கிள் மிதித்த காலத்தில் பிறக்கவே இல்லை. மிதித்துக் கிடைக்காத நிறம் உட்கார்ந்ததும் கிடைத்தது.

வீட்டுக்குள்ளும் மஞ்சள் நுழைந்தது. மகள் கொரின் கல்யாணம் செய்துகொண்டது அட்ரி வான் டெர் போல் என்ற நெதர்லாந்து வீரரை. மாப்பிள்ளை 1984 டூரில் ஒரே ஒரு நாள் மஞ்சள் சட்டை போட்டவர். மாமனார் வீட்டு விருந்தில் அந்த ஒரு நாளைப் பற்றி மாப்பிள்ளை எவ்வளவு பேசினார், மாமனார் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை அவரவர் கற்பனைக்கு விட்டுவிடுகிறேன்.

பேரன் மத்தியூ இன்னும் பெரிய ஆள். 2021இல் முதன்முறையாக டூருக்கு வந்தபோது தாத்தா உயிரோடு இல்லை. பேரனின் அணி முதல் நாள் தாத்தாவின் கத்தரிப்பூ நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு வந்தது. அன்றே மஞ்சளை வாங்கிவிடுவது என்று திட்டம். முதல் நாள் வேறொருவர் ஜெயித்தார். இரண்டாம் நாள்தான் மத்தியூ ஜெயித்தார். இரண்டு என்ற எண்ணைக் குடும்பம் அவ்வளவு சுலபமாக விடுமா? கோட்டைத் தாண்டும்போது வானத்தைப் பார்த்து விரலைக் காட்டினார். பிறகு பேச முடியாமல் அழுதார். மஞ்சள் சட்டை ஆறு நாள் அவரிடம் இருந்தது. 2023இல் தாத்தா ஜெயித்த அதே மிலான்-சான் ரேமோவையும் ஜெயித்தார், 62 வருடம் கழித்து. போலீஸ்காரர்கள் இந்த முறை சரியான பக்கம் காட்டினார்கள்.

*

கடைசியாக ஆங்க்தீலிடம் ஒரு முறை போய் வர வேண்டும்.

பந்தயம் முடிந்ததும் இருவரும் சிநேகிதர்களாகிவிட்டார்கள். சீட்டு ஆடினார்கள். ஆங்க்தீலின் சின்ன மகள் முதன்முதலாகப் பேசிய வார்த்தை ‘பூப்பூ’ என்று புலிடோர் வாய்கொள்ளாச் சிரிப்போடு சொல்வார். ஐந்து டூர் ஜெயித்த தகப்பனுக்கு இதைவிடப் பெரிய தோல்வி வேண்டுமா?

1987இல் ஆங்க்தீலுக்கு வயிற்றில் புற்றுநோய் முற்றிவிட்டது. வயது 53. அப்போது அவர் தன்னிடம் சொன்னதாகப் புலிடோர் திரும்பத் திரும்பச் சொன்ன கதை ஒன்று உண்டு. “பாவம் ரேமோன், இதிலும் உனக்கு இரண்டாமிடம்தான்.” அந்த நவம்பர் 18இல் ஆங்க்தீல் போனார். வழக்கம்போல முதலில்.

புலிடோர் அவசரப்படவில்லை. சான் லெயோனார் த நோப்லா என்ற தன் ஊரில் இருந்துகொண்டு, வருடா வருடம் டூருக்குப் போய், மஞ்சள் பனியனில் கையெழுத்துப் போட்டு, இந்தக் கதையையும் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். 2019 நவம்பர் 13இல், 83 வயதில், இரண்டாவதாக வந்து சேர்ந்தார்.

வித்தியாசம், 32 வருடத்துக்கு ஐந்து நாள் குறைவு.